நம்ம தொகுதி

எங்கள் ஊர் எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் சொல்லவேண்டும். ஆனால் டோக்கியோவில் ஆற்றோரமாக இருக்கிற ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் எந்தத் தேர்தலில் யார் நின்றார், யார் யாரிடம் தோற்றார், தோற்றவர் எந்த வழியாக மறுபடி சபைக்குள் வந்தார் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். நான் ஜப்பானுக்குப் போனதில்லை. மூன்று வருடம் ஒருத்தருடைய காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனேன், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் அவர் வீடும் எங்கள் அபார்ட்மென்ட்டும் அடுத்தடுத்த தெரு. இருவருக்கும் ஆபீஸ் சான்டா கிளாராவில். காரில் இரண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில் போகலாம் என்பதற்காக ஏற்பட்ட சிநேகம் அது. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஜப்பான்'. "ஜப்பான் வந்தாச்சா, பந்தி ஆரம்பிக்கலாமா" என்று பொங்கல் விழாவில் கேட்பார்கள். அவரும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அமெரிக்கா வருவதற்கு முன்னால் ஆறு வருடம் டோக்கியோவில் வேலை பார்த்தவர். அதன் மிச்சம் உடம்பில் இருந்தது. போனில் பேசி முடித்ததும் எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் தலையைக் குனிந்து வணங்குவார். காரை எங்கே நிறுத்தினாலும் ரிவர்ஸில் விட்டுத்தான் நிறுத்துவார். மதியத்துக்குத் தயிர்சாதமும் மாவடுவும்தான் கொண்டுவருவார், ஆனால் அந்த டப்பாவை ஒரு துணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார். அவிழ்க்கிற பக்குவத்தைப் பார்த்தால் உள்ளே நகை இருக்கிறதோ என்று தோன்றும்.

கார்பூல் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஃப்ரீவேயில் ஏறியதும் சொன்னார். "நம்ம தொகுதியில எலக்‌ஷன் சீக்கிரமே வந்துரும் போலம்மா. சபையைக் கலைக்கப் போறாங்களாம்."

அவருக்கு சாத்தூர்ப் பக்கம். நானும் ஊர்ப் பேச்சு என்று நினைத்து, "சாத்தூர்லயா அண்ணா?" என்றேன்.

"சாத்தூர் யாருக்கு வேணும்? டோக்கியோ."

"அங்க உங்களுக்கு ஓட்டு இருக்கா?"

"இல்ல. வெளிநாட்டுக்காரனுக்கு ஏது?"

"ஊர்ல?"

"இருவத்திமூணு வயசுல பிளேன் ஏறினவன். அதுக்கு முன்னாடி வந்த ஒரே எலக்‌ஷன் அன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சு."

"இங்க?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "அம்பது வயசாகப் போகுதும்மா. ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல. போட்டவங்க எப்படிப் போட்டாங்கன்னு கணக்கு மட்டும் வச்சிருக்கேன்."

டோக்கியோவில் அவர் குடியிருந்த இடத்தின் ரயில் நிலைய வாசலில் திங்கட்கிழமைதோறும் காலையில் ஒருத்தர் நிற்பாராம். தோளில் குறுக்கே ஒரு பட்டை, கையில் வெள்ளைக் கையுறை. அந்தத் தொகுதியின் எதிர்க்கட்சி வேட்பாளர். தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழையோ பனியோ, வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து "இட்டெராஷ்ஷாய்" என்பாராம்.

"போயிட்டு வாங்கன்னு அர்த்தம். வீட்ல இருக்கறவங்க, கிளம்பறவங்களுக்குச் சொல்றது. அப்படியே நம்ம வார்த்தை" என்றார் அண்ணா. "ஆபீஸ் தவிர அந்த ஊர்ல ஒரு ஜீவன் என்கிட்ட வாயைத் திறந்ததில்ல. இந்த ஆளு வாரா வாரம் குனிஞ்சு போயிட்டு வாங்கங்கறான்."

"உங்களுக்கு ஓட்டு இல்லைன்னு அவருக்குத் தெரியாதோ என்னவோ."

"என் மூஞ்சியப் பாத்தா தெரியாதா? தெரிஞ்சும் குனிஞ்சான்ம்மா. அதான்."

அந்த 'அதான்' ஒன்றுக்காக இருபது வருடமாக அந்தத் தொகுதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் தேர்தலில் அந்த ஆள் கொஞ்ச ஓட்டில் தோற்றாராம். அந்த வித்தியாசத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் உட்காரவைத்துவிடலாம் என்பார். அந்த ஊரில் வாக்காளர்கள் பென்சிலை எடுத்து வேட்பாளர் பெயரைக் கையால் எழுதவேண்டுமாம். தேர்தலன்று காலையில் இவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பிறந்து சில மாதமே ஆன மகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி, வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசல்வரை போயிருக்கிறார். அங்கே நின்ற ஊழியர் குனிந்து வணங்கி, சீட்டைக் காட்டச் சொல்லிக் கை நீட்டியிருக்கிறார். இவரும் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அதுக்கு முந்தின வாரம் பூரா அவன் பேரை எழுதிப் பழகினேன். எதுக்குன்னு கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை. ஆபீஸ் வந்ததும் என் டீமில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் முறை அந்த ஆள் மறுபடி தோற்றார், ஆனாலும் சபைக்குள் போனார். இது எப்படி என்று ஒரு வெள்ளிக்கிழமை தோசைக்கடையில் எனக்கு விளக்கினார். உப்பு டப்பா ஜெயித்தவர். சர்க்கரைப் பொட்டலங்கள் தோற்றவர்கள். தொகுதியில் நிற்பவர் கட்சிப் பட்டியலிலும் பெயர் கொடுத்துவைக்கலாம். பட்டியலுக்குக் கிடைத்த இடங்களில், தோற்றவர்களிலேயே நூலிழையில் தோற்றவரை முதலில் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். "செத்த பொணம் எழுந்து வருதுன்னு அங்க கேலி பண்ணுவாங்க" என்று சொல்லும்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன கேலி? அவன் கிட்ட வந்து தோத்திருக்கான். கிட்ட வந்தவனுக்கு ஒரு மரியாதை வேணாமா? இப்ப நாம மட்டும் இங்க ஜெயிச்சா உள்ள இருக்கோம்?"

சர்வர் வந்து சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அந்த ஆள் பட்டியலிலும் வராமல் ஒரேயடியாகத் தோற்றார். அப்புறம் மக்கள்தொகை கூடிவிட்டதென்று தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். அண்ணா குடியிருந்த தெரு பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. அன்றைக்குக் காரில் ஏறியதும் அதைத்தான் சொன்னார். "நீங்க அந்த வீட்டைக் காலி பண்ணியே பல வருஷம் ஆச்சு அண்ணா" என்றேன். "அதுக்காக? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவருடைய லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் உண்டு. ஒரு பக்கத்தில் தொகுதி. இன்னொரு பக்கத்தில் கிரீன் கார்டு. கிரீன் கார்டு வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி இருக்கும். மாதம் ஒரு முறை அரசாங்கம் ஒரு பட்டியல் போடும். அதில் இருக்கிற தேதி நம் தேதியைத் தொட்டால் கதவு திறக்கும். அது நகரும், மாதக்கணக்கில் நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். நாங்கள் எல்லோருமே அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். அவர் பதிமூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தார். நடுவில் ஊருக்குப் போகவேயில்லை. போனால் திரும்பிவர விசா முத்திரை குத்தவேண்டும், குத்துவார்களோ மாட்டார்களோ என்ற பயம். தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு சான் ரமோன் வீட்டில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவர் அவர். தாலி கட்டும்போது அட்சதையைத் திரையில் போட்டுவிட்டு, அப்புறம் கீபோர்டிலிருந்து அரிசியைப் பொறுக்கினாராம்.

அவருடைய மகள் அப்போது கல்லூரியில் மூன்றாம் வருடம். பிறந்தது டோக்கியோ, வளர்ந்தது சான் ரமோன், கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற, மரியாதை தெரிந்த பெண். "பொண்ணுக்குப் பதிலா நீங்க ஜப்பான்ல பொறந்திருந்தா கிரீன் கார்டு எப்பவோ வந்திருக்கும்" என்று ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் யாரோ சொன்னார்கள். வரிசை பிறந்த நாட்டைப் பார்த்துப் போடுவது, அதுவும் அப்பா பிறந்த நாட்டை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏனென்றால் பிள்ளைகளுக்கு இருபத்தொரு வயதானால் அப்பாவின் விசாவிலும் வரிசையிலும் இடம் கிடையாது. மகளுக்கு இருபது முடிந்திருந்தது.

மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் சமயத்தில், இந்தியக் கடை பார்க்கிங் லாட்டில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். என் கையில் கறிவேப்பிலைக் கட்டு.

"நீ சொன்னா கேப்பார். ஸ்டூடன்ட் விசாவுக்கு மாத்திடலாம்னு காலேஜ்லயே சொல்லிட்டாங்க. படிப்புச் செலவை நான் ஏத்துக்கறேன்னு அவர் ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போடணும். மூணு வாரமா டைனிங் டேபிள்ல கிடக்கு. அது மேலயே தட்டை வச்சு சாப்பிடறார்."

"நான் சொல்றேன் அக்கா" என்றேன்.

சொன்னேனா? இல்லை. காலையில் ஏறியதும் அவர் தொகுதிக் கதையை ஆரம்பிப்பார், கேட்க சுகமாக இருக்கும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். என்னுடைய பிள்ளை இங்கே பிறந்தவன், எனக்கு அந்தப் பயம் கிடையாது. நான் வாயைத் திறந்தபோது செப்டம்பர் முதல் வார லேபர் டே தாண்டிவிட்டது. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை அந்த அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சுனோல் மேட்டில் கார்பூல் லேனும் சேர்ந்து நின்றுபோயிருந்த ஒரு காலையில்தான் கேட்டேன்.

"அண்ணா, அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டுருங்களேன்."

"உங்கக்கா சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன. நாள் இல்ல அண்ணா."

"அந்த விசாவுக்குப் போனா, 'படிச்சு முடிச்சதும் ஊருக்குத் திரும்பிடுவேன்'னு சொல்லணும்மா. பதிமூணு வருஷமா என் வரிசைல நிக்கற பொண்ணு அப்படிச் சொன்னா, வரிசையை விட்டு அவளே வெளிய போன மாதிரி. அடுத்த மாசமே டேட் நகந்துச்சுன்னா?"

"நகரலைன்னா?"

அவர் முன்னால் நின்ற லாரியையே பார்த்தார். "அந்த ஆளை எத்தனை பேர் வேற தொகுதிக்குப் போன்னு சொல்லியிருப்பான்? போனானா? இன்னைக்கும் அதே ஸ்டேஷன் வாசல்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ. "அவன் நின்னா அவன் தோக்கறான். இங்க நீங்க நிக்கறீங்க, தோக்கப்போறது உங்க பொண்ணு" என்றேன்.

அன்றைக்கு சான்டா கிளாரா வரைக்கும் ரேடியோவில் யாரோ மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் தொகுதிப் பேச்சே இல்லை. டோக்கியோவில் சபையைக் கலைத்து, தேர்தல் அறிவித்திருந்தார்கள். அதையும் அவர் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இறக்கிவிடும்போது சொன்னார். "கோபமெல்லாம் கார்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலைல ரிசல்ட். இட்லிக்கு வந்துரு."

போனேன். லேப்டாப்பை டிவியில் மாட்டியிருந்தார். அக்கா இட்லி வைத்துக்கொண்டே இருந்தார். மகள் சமையலறை ஸ்டூலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மேஜையின் ஓரத்தில் அந்தக் கடிதம். திரையில் நம்ம தொகுதி வந்தது. மூன்று முகங்கள். மூன்றிலும் அவருடைய ஆள் இல்லை.

பக்கம் சரியாக வரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் பண்ணினார். அதே மூன்று முகங்கள்.

"அப்பா, ஹி மூவ்ட்" என்றாள் மகள்.

எழுந்துவந்து லேப்டாப்பை வாங்கி, பக்கத்துத் தொகுதியைத் தட்டினாள். அங்கே இருந்தார். தலை பூராவும் நரைத்திருந்தது. எல்லையை மாற்றியதில் பாதி வாக்காளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று கட்சி அவரை அங்கே நிறுத்தியிருக்கிறது. முதல் தடவையிலேயே நல்ல வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஒரு கண் மட்டும் வரையாமல் விட்ட சிவப்புப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, தூரிகையால் அந்தக் கண்ணை வரைந்தார். ஜெயித்தால்தான் அந்தக் கண்ணை வரைவார்களாம். சுற்றியிருந்தவர்கள் மூன்று முறை கையைத் தூக்கிக் கத்தினார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணா மகளைக் கேட்டார்.

"டூ வீக்ஸ். ஐ டிடின்ட் நோ ஹவ் டு டெல் யூ, அப்பா."

அவர் டிவியைப் பார்த்து மெல்லக் குனிந்து வணங்கினார். அப்புறம் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு அந்தக் கடிதத்தை இழுத்தார். கையெழுத்துப் போட்டார். மூலையில் சட்னி பட்டுவிட்டது. அக்கா முந்தானையால் துடைத்தார், கறை போகவில்லை.

ஆனால் நாள் தாண்டிவிட்டது. நாட்டுக்குள் இருந்தபடியே விசாவை மாற்றுவதற்கு இனி நேரமில்லை, வெளியே போய் முத்திரை குத்திக்கொண்டு வருவதுதான் வழி என்று கல்லூரியில் சொன்னார்கள். சென்னைக்கு டிக்கெட் போட்டார்கள். விமான நிலையத்துக்கு அன்று நான்தான் அவருடைய காரை ஓட்டினேன். அவர் மகளோடு பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மகள் ஒரு பெட்டிதான் எடுத்துக்கொண்டாள், மூன்று வாரத்தில் திரும்பப் போகிறவள் என்பதால். வாசலில் இறக்கிவிட்டதும் அவர் தன் பெண்ணுக்கு இடுப்பு வரை குனிந்தார். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"போயிட்டு வா" என்றார்.

சென்னையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளிடம் கேட்டது கொஞ்சம்தான். அப்பா அங்கே இருக்கிறாரா? கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறாரா? எத்தனை வருடமாக? பொய் சொல்லத் தெரியாத பெண், பதிமூன்று என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நீ படித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்புவாய் என்று நான் எப்படி நம்புவது என்று பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார். ஒரு மாதம் கழித்து மறுபடி போனாள், மறுபடி தள்ளினார்கள். அவருடைய வரிசையே அவளுக்குக் கதவை அடைத்துவிட்டது.

மதுரையில் சித்தி வீட்டில் தங்கி, அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், முதல் வருடத்திலிருந்து. அக்கா போய்ப் பார்க்கலாம்தான். போனால் திரும்பிவர அதே ஜன்னல். அதனால் போகவில்லை. அண்ணாவும் போகவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தார்கள். தினமும் காலையில் என்னை ஏற்றிக்கொள்வார், இறக்கிவிடுவார். ஜப்பானைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. நான் கேட்டும் பார்த்தேன். "அது முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

அடுத்த வருடம் ஊரில் தேர்தல் வந்தது. ஒரு காலையில் மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் சத்தம் போட்டது. கார் ஓட்டும்போது போனைத் தொடாத மனிதர். அன்றைக்கு கார்பூல் லேனிலிருந்து இறங்கி, அடுத்த எக்ஸிட்டில் வெளியேறி, ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தினார். ரிவர்ஸ் எடுக்கக்கூட இல்லை, அப்படியே நுழைத்து நிறுத்தினார்.

போனில் ஒரு படம் வந்திருந்தது. மகள் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள். சுடிதார், வெயிலில் கறுத்திருந்தாள். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டியிருக்கிறாள், விரலில் மை. கீழே தமிழில், கோணல்மாணலாக ஒரு தாளில் எழுதி அதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்: 'அப்பா இது உனக்கும் சேர்த்து.'

அவர் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி அந்த விரலையே பார்த்தார். யாருக்குப் போட்டாள் என்று கேட்கவில்லை. வேட்பாளர் யார், போன தடவை வித்தியாசம் எவ்வளவு, எதையும் கேட்கவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"கை வரமாட்டேங்குது. நீ டைப் பண்ணும்மா. ஓட்டுப் போடக் கிளம்பும்போது வீட்ல யாராச்சும் போயிட்டு வான்னு சொன்னாங்களான்னு கேளு."

அப்படியே டைப் பண்ணினேன். அங்கே ராத்திரி எட்டு மணி ஆகியிருக்கும். உடனே பதில் வந்தது. 'சித்தி சொன்னாங்க. போயிட்டு வீட்டுக்கு வந்துட்டேன் அப்பா.'

சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் போனை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தானே ஒரு தரம் படித்தார். பின்னால் பெட்ரோல் போட வந்த கார் ஹாரன் அடித்தது.

"வீட்டுக்குன்னு போட்டிருக்காம்மா" என்றார்.